மனேஜர் மருமகனுக்குப் பத்துக்கு எத்தனை?

அத்தியாயம் 9

எங்கள் வீட்டு மருமகன் ஜவாத் நடந்து வரும்போதும் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை என்று போன கிழமை சொல்லியிருந்தேன். மோட்டார் சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டு, முகக் கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு, குறுக்கு வழியால் வீட்டுக்கு வருவார். அப்படியும் தப்ப முடியாது. "மனேஜர் தம்பீ!" என்று வேலிக்கு மேலால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். முகத்தை மறைக்கலாம், நடையை என்ன செய்வது?

கல்முனைக்குடியில் பிறந்து வளர்ந்த மனிதர் சொந்த ஊருக்குள்ளேயே ஒளிந்து திரிய வேண்டி வந்தது, அந்த மனேஜர் கதிரையில் உட்கார்ந்த பிறகுதான்.

பிரதான வீதியில் கொழும்புக் கம்பனி ஒன்று திறந்த சுப்பர் மார்க்கட் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் ஊரார் அதைக் கண்ணாடிக்கடை என்றே சொல்வார்கள். அதில் ஜவாத் நீண்ட காலம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். விடிய முன்னர் போய் மரக்கறி லொறியை எதிர்கொள்வார். கரட்டை முறித்துப் பார்ப்பார், கோவாவைத் தட்டிப் பார்ப்பார், லொறிக்காரனோடு சண்டை பிடிப்பார். வீட்டுக்கு வரும்போது பசியோடும் சந்தோசத்தோடும் வருவார். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது.

பழைய மனேஜர் கொழும்புக்கு மாறிப் போக, கதிரை இவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து வீதியில் சலாம்கள் பெருகின. ஒவ்வொரு சலாமுக்கும் பின்னால் ஒரு வால் இருந்தது. மருமகளுக்குக் காசாளர் வேலை, பருப்புக்குள் கல், பள்ளிவாசலுக்குக் குளிர்தண்ணீர் மெஷின், விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி. சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு பெண், தன் கணவன் கண்ணாடிக்கடைக்குப் போனால் சிகரெட் விற்க வேண்டாம் என்று வீட்டு வாசலில் நின்று அழுதாள்.

ஜவாத் முடி வெட்டப் போவதை நிறுத்தினார். சலூன் கதிரையில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டால் எழும்பி ஓட முடியாதாம்.

கடைசியில் தலைமைக் காரியாலயத்துக்குக் கதைத்து, கதிரையை எடுத்துக்கொண்டு களஞ்சியத்தைத் திருப்பித் தரும்படி கேட்டிருந்தார். இந்த விஷயம் அவருடைய மனைவி, அதாவது என் தங்கை அஸ்னாவுக்குத் தெரியாது. மாமியாருக்கு, அதாவது எங்கள் உம்மா மைமூனாவுக்குத் தெரியவே கூடாது. வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என்னிடம் ஏன் சொன்னார் என்றால், ஒருநாள் கிணற்றடியில் வந்து நின்று, "முனவ்வறா மதினி, ஒங்கட அவரு வேலைக்குப் போகக்குள்ள பாட்டுப் படிச்சிக்கிட்டுப் போவாராமே, மெய்தானா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். என் கணவர் கடற்கரைப் பக்கம் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். சைக்கிளில் ஏறும்போது பாட்டுத் தொடங்கும், தெரு முடக்குத் திரும்பிய பிறகும் கேட்கும். கடல் வந்த அந்தக் காலையில் அவரும், மகளும், அச்சகமும், வீடும் போனார்கள். நான் உம்மா வீட்டுக்கு வந்தேன். இங்கேயே இருக்கிறேன்.

"எனக்கும் முன்ன அப்படித்தான் மதினி" என்றார் ஜவாத். பிறகுதான் மற்றதைச் சொன்னார்.

இனி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று பகல் எங்கள் கடைக்குட்டி பஸ்மிலாவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே வருகிறவர்கள் சுவரையும் பார்ப்பார்கள், சுவருக்குள் இருப்பவர்களையும் பார்ப்பார்கள். எங்கள் சுவர் சுமார்தான். சுவருக்குள் ஒரு மனேஜர் இருக்கிறார் என்பதைக் காட்டித்தான் உம்மாவின் அண்ணன் ஆதம்லெவ்வை மாமா இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தார்.

மாப்பிள்ளையின் பெயர் ஜெஸீம். பொத்துவிலில் படகு என்ஜின் திருத்துகிறவர். மற்ற மாப்பிள்ளைமார் கோட்டுப் போட்டுப் பிடித்த படம் அனுப்ப, இவர் முழங்கை வரைக்கும் கிரீஸோடு, கழற்றிப் போட்ட என்ஜினுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த படத்தை அனுப்பியிருந்தார். உம்மா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தா. பஸ்மிலா அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு இரண்டொரு தரம் பெரியவர்கள் அனுமதியோடு கதைத்தார்கள். அனுமதி இல்லாமல் எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது.

காலையிலேயே உம்மா தொடங்கிவிட்டா.

"அஸ்னா, அவருட டையை எடுத்து அயன் பண்ணு. நெஞ்சில குத்துற பேரையும் எடுத்து வை."

ஜவாத் தேத்தண்ணீரை வைத்தார். "மாமி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்குள்ள டையா?"

"அவங்க வாறது வீட்டைப் பாக்க மனே. வீட்டுல என்ன இரிக்கி எண்டு தெரியத்தானே வேணும்."

"அப்ப விலைச் சீட்டையும் ஒட்டி விடுங்க உம்மா" என்றாள் பஸ்மிலா, வெங்காயம் உரித்தபடி. "கழிவு விலை எண்டா ஆக்கள் ஓடி வருவாங்க."

"வாயப் பொத்து. ஒனக்காகத்தான் இவ்வளவும்."

ஜவாத் சிரிக்க வாயைத் திறந்தார், தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. இந்த வெயிலில், ஊரே வியர்த்துக் கிடக்கும்போது, எங்கள் மருமகனுக்கு மட்டும் மாதக்கணக்காகத் தடிமன். உம்மாவுக்கு அதிலும் ஒரு பெருமை இருந்தது. "எங்கட மருமகனுக்கு ஏசித் தடிமன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தா. ஏசி அறையில் இருப்பவர்களுக்கு வருவதாம், சாதாரண ஆட்களுக்கு வருகிற தடிமன் அல்லவாம்.

"கொத்தமல்லி அவிச்சித் தாறன்" என்றாள் அஸ்னா. டையை அவருடைய கழுத்தில் வைத்து அளவு பார்த்தாள். "நீலம்தான் எடுப்பா இரிக்கி. மனேஜர் மாதிரி."

மாதிரி என்ற சொல்லைக் கேட்டதும் ஜவாத் என்னைப் பார்த்தார். நான் தேங்காயைத் துருவினேன்.

லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னால் வாசல் படலை திறந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து உம்மா முக்காட்டைச் சரிசெய்தா. வந்தவர் ஆதம்லெவ்வை மாமா. ஒரு கையில் கண்ணாடிக்கடையில் கேட்டு வாங்கிய வெற்றுப் பெட்டிகள். மறு கையில் ஒரு மனிதர். கையைப் பிடித்துத்தான் கூட்டி வந்தார், விட்டால் ஓடிவிடுவார் என்பதுபோல.

"தங்கச்சி, இவரு கொழும்பு ஒஃபிஸ் கேதீஸ்வரன் ஐயா. நம்மட ஜவாதைப் பாக்கக் கடைக்கு வந்து நிக்காரு. பகல் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குப் போகப்போறாராம். நான் விடுவனா?"

கேதீஸ்வரன் கண்ணாடி போட்ட, கூச்சமான ஆள். தோளில் ஒரு பை. "நான் நாளைக்கு வாறதாத்தான் இருந்தது" என்றார். "காரைதீவில எங்கட வீடு. கிட்டத்தானே, இண்டைக்கே ஒருக்கா எட்டிப் பாப்பம் எண்டு... நான் பிறகு வாறன். நீங்க விருந்து வச்சிருக்கிறீங்க போல."

"விருந்து எண்டா நீங்களும்தானே" என்றா உம்மா. அப்படியே திரும்பி என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அந்த மாட்டெறச்சிச் சட்டியப் பின்னுக்கு வை. கோழிய முன்னுக்குக் கொண்டா. எல்லாருக்கும் கோழிதான் இண்டைக்கு" என்றா.

ஜவாத் குசினி வாசலுக்கு வந்தார். டை கட்டியிருந்தார். தூக்குக் கயிற்றோடு வந்தவர் போலிருந்தது.

"மதினி, இவரு மனேஜர்மாருக்கு வேலையில எவ்வளவு திருப்தி எண்டு கேட்டு எழுதுற ஆளு. நான் சொல்றதை வச்சித்தான் களஞ்சியம் தாறதா இல்லையா எண்டு முடிவு. இண்டைக்கே கேட்டாரெண்டா?"

ஹோலில் மாமா கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். பஸ்மிலா உள்ளறையில் வளையல் போடும் சத்தம் கேட்டது.

"இண்டைக்கு மட்டும் பொறுங்க தம்பி" என்றேன். "அவங்க வந்து போகட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வீதியில் சலாம் சொல்லி வாலை நீட்டுகிற ஆட்களில் நானும் ஒருத்தி ஆகிவிட்டேன்.

மாப்பிள்ளையின் வாப்பா காலிதீன் ஹாஜியார் தொழுகை முடிந்து வந்தார். வெள்ளைச் சாரன், அத்தர் மணம், குறைந்த பேச்சு. மாப்பிள்ளையும் பெண்களும் வரவில்லை, அவர்கள் அடுத்த முறை வருவார்களாம். பள்ளிவாசல் நிர்வாகத்து நம்பிக்கையாளர் ஸாஜித் சாட்சி போல வந்திருந்தார். ஆதம்லெவ்வை மாமா, ஜவாத், கேதீஸ்வரனோடு ஐந்து பேர். ஒரு சஹனுக்குச் சரி.

சஹன் என்பது நடுவில் வைக்கிற ஒரு பெரிய தட்டு. நெய்ச்சோறு மலைபோல் இருக்கும், கறி மேலே இருக்கும், சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவார்கள். அதில் எழுதாத சட்டங்கள் சில உண்டு. நல்ல துண்டு கைக்கு வந்தால் அதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். ஆறுதலாகச் சாப்பிடுகிறவர் முடிக்கும் வரைக்கும் மற்றவர்கள் கையை எடுக்கக் கூடாது. இடையில் ஒருவர் கையை எடுத்து எழும்பினால், அந்த வீட்டோடு இனிக் கதை இல்லை என்று அர்த்தம்.

நாங்கள் நாலு பெண்களும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றோம். திரையில் எல்லோருக்கும் போதுமான ஓட்டைகள் இருந்தன.

முதலாவது கோழித்துண்டை ஸாஜித் தள்ளினார், ஜவாத் பக்கம். "மனேஜர், அந்தக் குளிர்தண்ணி மெஷினை நோம்புக்கு முதல் பாத்தா நல்லம்."

"பாப்பம் ஸாஜித் காக்கா" என்றார் ஜவாத்.

இரண்டாவது துண்டு மாமாவிடமிருந்து. "நம்மட மகள் சுலைஹாட மூத்தவள் ஏலெவல் படிச்சு முடிச்சிட்டு இரிக்காள். காசு எண்ணுற வேலைக்கு அவளைப் போல கெட்டிக்காரி இல்ல மனே."

"பாப்பம் மாமா."

ஜவாத்துக்கு முன்னால் கோழி குவியத் தொடங்கியது. அவர் சோற்றைத் தேடி விரலால் தோண்ட வேண்டியிருந்தது.

மாமா கேதீஸ்வரன் பக்கம் திரும்பினார். "ஐயா என்னத்துக்கோ வந்தீங்க. கேளுங்களன். கேட்டு முடிச்சா ஒங்களுக்கும் வேலை முடிஞ்சிரும்."

"இல்லை, அது தனியக் கேக்க வேண்டிய விஷயம்."

"ஒரு சஹன்ல இருக்கிற ஆக்களுக்குள்ள என்ன தனி?"

கேதீஸ்வரன் ஜவாத்தைப் பார்த்தார். ஜவாத் சோற்றைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கேதீஸ்வரன் இடக்கையால் பையிலிருந்து ஒரு டெப்லட்டை எடுத்து முழங்காலில் வைத்தார்.

"காலையில வேலைக்கு எழும்பேக்க மனம் எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

"பத்து" என்றார் மாமா.

"சுபஹுக்குப் பாங்கு சொல்ல முதல் இவருட மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்கும்" என்றார் ஸாஜித். "நான் சாட்சி. பத்து."

திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவால் பொறுக்க முடியவில்லை. "பதினொண்டு போடுங்க மனே!"

கேதீஸ்வரன் திரையைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: "பத்துக்கு மேல இடமில்லை அம்மா."

"அப்ப மிச்சத்தை அடுத்த கேள்வியோட சேத்துப் போடுங்க."

பஸ்மிலா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

"அடுத்தது. உங்கட வேலை சம்பந்தமான தீர்மானங்களில வெளி ஆக்களின்ர தலையீடு எவ்வளவு?"

"தலையீடா?" மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆர் தலையிடுற? நாங்க விட்டிருவமா? ஐயா, இந்த ஊருல ஒருத்தன் இவருக்கு மேல கை வைக்கேலா. பூச்சியம் எண்டு எழுதுங்க." அந்தச் சூட்டோடு ஜவாத் பக்கம் குனிந்தார். "மனே, சுலைஹாட மகளை ஞாயித்துக்கிழமை லீவு குடுத்துத்தான் எடுக்கணும். அவளுக்கு மதரஸா இரிக்கி."

கேதீஸ்வரன் எழுதவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா காரைதீவில எந்தப் பக்கம்?" என்று மாமா திடீரென்று கேட்டார்.

"கோயிலடிப் பக்கம்."

"அட, நம்மட ஊர் ஆள்!" ஒரு கோழிக்கால் கேதீஸ்வரனின் முன்னால் வந்து விழுந்தது. "எனக்கு இன்னொரு பேரன் இரிக்கான். கொழும்புல ஒரு இடத்தில..."

கேதீஸ்வரன் கோழிக்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் ஊருக்கு வாறதெண்டா ஆருக்கும் சொல்லாமத்தான் வாறது" என்றார் மெதுவாக. "இந்த முறை அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்லிட்டா. காலையில எழும்பிப் பாத்தா வாசல்ல நாலு பேர். அதுதான் நாளைக்கு வர வேண்டியவன் இண்டைக்கே இங்கால வந்தது."

ஜவாத் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

இவ்வளவு நேரமும் காலிதீன் ஹாஜியார் ஒன்றும் பேசவில்லை. ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது சோற்றின் உச்சியிலிருந்த அவித்த முட்டையை எடுத்து, எல்லாக் கோழித்துண்டுகளுக்கும் மேலே, கிரீடம்போல் வைத்தார்.

"மனேஜர் தம்பி, நான் ஒண்டும் கேக்கல்ல" என்றார். "எனக்கு வேலையும் வேணாம், தண்ணி மெஷினும் வேணாம். மகன் என்ஜின் கழுவுறவன். நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ற? சகலன் மனேஜர் எண்டு சொல்லலாம். அது போதும். நீங்க அந்தக் கதிரையில இரிக்கிறதே எங்களுக்குப் பெரிய காரியம்."

ஜவாத்தின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. மற்றவர்கள் கேட்டவற்றுக்கு 'பாப்பம்' என்று சொல்லலாம். ஒன்றும் கேட்காத மனிதனுக்கு என்ன சொல்வது?

"கடைசிக் கேள்வி" என்றார் கேதீஸ்வரன். "மொத்தமா இந்த வேலையில உங்கட திருப்தி பத்துக்கு எத்தனை? இதுக்கு மட்டும் அவர்தான் சொல்ல வேணும்."

உம்மா திரைக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தா, பத்து விரல்கள், ஜவாத்தின் கண்ணில் அது படும் என்பதுபோல. அஸ்னா கண்ணை மூடிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள், பரிசு வாங்கப் போகிற பிள்ளையின் முகம்.

பஸ்மிலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ராத்தா, ஏன் மச்சான்ட முகம் அப்படிக் கிடக்கு?"

நான் அவளுடைய காதில் சொன்னேன். நாலைந்து சொல்தான்.

அவள் வளையலைச் சுற்றிச் சுற்றி விட்டாள். "எனக்காகத்தான் சொல்லாம இரிக்காரா?"

"ஓம்."

"நான் கேட்டனா?" என்றாள்.

கேட்கவில்லைதான். அவளை யாருமே ஒன்றும் கேட்கவில்லை. நான் திரையை ஒரு கை அகலத்துக்கு விலக்கினேன். ஜவாத் நிமிர்ந்து பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

"மூண்டு" என்றார் ஜவாத். உடனே தும்மினார்.

"தடிமன்ல சொல்றாரு" என்றார் மாமா பதறி. "அதை எழுதாதீங்க."

"இல்ல மாமா. மூண்டுதான்." தும்மலைத் தோளில் துடைத்துக்கொண்டார். "விடியக்க லொறி வரக்குள்ள நான் இன்னும் போய் நிப்பன். அது இப்ப என்ட வேலை இல்ல. ஆனாலும் போவன். அதுக்கு ஒண்டு. கடையில வேலை செய்யிற புள்ளையள் நல்ல புள்ளையள், அதுக்கு ஒண்டு."

"மற்றது?" என்று கேட்டார் கேதீஸ்வரன்.

"குளிர் அறை. இறைச்சி, மீன் வைக்கிற இடம். ஒருத்தரும் உள்ளுக்கு வரமாட்டாங்க. பகல் சாப்பாட்டை ஜேக்கட் போட்டுக்கிட்டு அதுக்குள்ள இருந்துதான் சாப்பிடுவன். அந்த நேரம் ஒருத்தரும் சலாம் சொல்லமாட்டாங்க. அதுக்கு ஒண்டு."

உம்மா உள்ளே கிசுகிசுத்தா: "அப்ப அது ஏசித் தடிமன் இல்லையா?"

"நான் ஏற்கனவே கேட்டிருக்கன் சேர்" என்றார் ஜவாத். "என்னைத் திருப்பிக் களஞ்சியத்துக்கு விடுங்க. வேலை பிடிக்காம இல்ல. கணக்குப் பாப்பன், சாமான் எடுப்பன், ஆக்களை நடத்துவன், அதெல்லாம் ஏலும். வீட்டால வெளிக்கிட்டு வீட்டுக்கு வாற வழிதான் ஏலாது."

கேதீஸ்வரன் குனிந்து டெப்லட்டில் எழுதினார். 

அஸ்னா கண்ணைத் திறந்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "மாதக்கணக்கா கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன்" என்றாள். "ஒரு சொல்லுச் சொல்லல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா ராத்தா?"

நான் பதில் சொல்வதற்குள் உம்மா என் தோளைப் பிடித்து அமுக்கினா. "கையைப் பாருங்க! ஹாஜியார்ட கையைப் பாருங்க!"

ஹாஜியாரின் கை சோற்றிலிருந்து உயர்ந்திருந்தது. முழுதாக எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை. தட்டுக்கு மேலே, விரல்களில் நெய் மின்ன, அப்படியே நின்றது. ஸாஜித் சாப்பிடுவதை நிறுத்தினார். மாமா வாய்க்குள் இருந்ததை விழுங்கப் பயந்துபோய் இருந்தார். கேதீஸ்வரனுக்குக்கூட விளங்கிவிட்டது, அவரும் அந்தக் கையையே பார்த்தார்.

உம்மாவின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. பஸ்மிலா ஓதவில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். 

கை இறங்கியது. ஹாஜியார் ஒரு பிடி சோற்றை ஆறுதலாகக் குழைத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா உம்மா, ஹோலுக்கே கேட்கும்படி.

ஹாஜியார் கேதீஸ்வரன் பக்கம் திரும்பினார். "அப்ப ஐயா, அந்தக் கதிரை இனி வெறுமையாத்தானே கிடக்கும்?"

"இவரை விட்டமெண்டா... ஓம், வேற ஆள் தேட வேண்டி வரும்."

"தேட வேணாம்."

சொல்லிக்கொண்டே ஹாஜியார், ஜவாத்துக்கு முன்னால் குவிந்திருந்த கோழி முழுவதையும், உச்சியிலிருந்த முட்டை உட்பட, உள்ளங்கையால் அணைத்து அப்படியே கேதீஸ்வரன் பக்கம் தள்ளினார்.

"என்ட மகன் ஜெஸீம் இரிக்கான். படிச்சவன். இங்கிலீசு கதைப்பான், வெள்ளைக்காரன்ட படகெல்லாம் அவன்தான் பாக்கிற. அவ்வளவு என்ஜினைக் கட்டி மேய்க்கிறவனுக்கு ஒரு கடையை நடத்தேலாதா? கல்யாணம் முடிஞ்சா இந்த வீட்டுலதான் இருக்கப்போறான். கடையும் கிட்ட."

மாமாவின் முகத்தில் உயிர் வந்தது. "அல்லாஹ் பெரியவன்! கதிரை வீட்டை விட்டுப் போகல்ல!"

"மாப்பிள்ளைக்கும் அந்த நீல டை எடுப்பாத்தான் இரிக்கும்" என்று சொல்லி உம்மா உள்ளேயிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டா. "முனவ்வறா, வட்டிலப்பத்தை எடு, வாய் இனிக்கட்டும்."

ஜவாத் வாயைத் திறந்தார். பாவம், அந்த ஜெஸீம் பொடியனை எச்சரிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது.

நான் வட்டிலப்பத்துக்குத் திரும்பும்போது பஸ்மிலா குறுக்கே நின்றாள்.

"ராத்தா, ஒங்கட போனைத் தாங்க. என்ட போனில சார்ஜ் இல்ல."

"இப்ப என்னத்துக்கு? ஆக்கள் இரிக்காங்க."

"அவரு அந்தக் கதிரைக்கு வந்தாரெண்டா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

உம்மா வட்டிலப்பத்தை மறந்துவிட்டா. "என்னடி சொல்றாய்? வந்த மனேஜரை வேணாம் எண்டு சொல்ற பொம்புள ஊருல இரிக்காளா?"

"நான் கேட்டது அந்தப் படத்தில சிரிக்கிற ஆளை உம்மா. ஹெல்மெட் போட்டுக்கிட்டுச் சந்துக்குள்ளால வாற ஆளை இல்ல."

சொல்லிவிட்டு அஸ்னாவைப் பார்த்தாள், குத்திவிட்டோமோ என்று.  என் இடுப்பிலிருந்த போனை அஸ்னாவே உருவி எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள். "வெளியால போய்க் கதை" என்றாள்.

பஸ்மிலா பின்கதவால் கிணற்றடிக்குப் போனாள். உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு மாவரிக்கிற பலகையில் உட்கார்ந்தா. நான் வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு திரையடிக்கு வந்தேன். ஜன்னலால் பார்த்தால் பஸ்மிலா ஒரு கையால் போனைப் பிடித்து, மறு கையால் காற்றை வெட்டி வெட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

ஹோலில் ஹாஜியார் உற்சாகமாகிவிட்டார். இடக்கையால் சட்டைப் பைக்குள்ளிருந்து போனை எடுத்தார். "நல்ல காரியத்தை ஏன் பிந்தப் போடணும்? இப்பவே அவன்ட வாயாலேயே சம்மதத்தைக் கேளுங்க ஐயா" என்று சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

ஐந்து பேரும் அந்தப் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். ஹாஜியார் மகனுக்கு இரண்டு முறை அழைத்தார். மூன்றாம் முறையும் அழைத்துவிட்டுப் போனைப் பாயில் வைத்தார்.

"லைன் பிசி" என்றார் ஹாஜியார், நெற்றியைச் சுருக்கி. "இந்த நேரத்தில ஆரு அவனோட இவ்வளவு நேரமா கதைக்கிற?"